ஆபீஸில் பாதிப் பேருக்கு மட்டும் நெட் வரவில்லையா?

“நெட் வரல” என்று குரல் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான்: ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள். பல சமயம் நெட் வந்தும் விடும். தொல்லையே அங்கேதான். எந்தக் கணினிக்கு எந்த முகவரி கொடுத்தது, லைன் எத்தனை மணிக்கு விழுந்தது என்று ரவுட்டர் வைத்திருந்த பதிவு பெரும்பாலும் அந்த ஆஃப்போடு அழிந்துபோகும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும், நாளைக்கோ திங்கட்கிழமை காலையிலோ மறுபடி தலைகாட்டும். அதனால் முதல் ஐந்து நிமிடம் எதையும் பிடுங்காமல் பாருங்கள்.

நம் ஊரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் அளவுள்ள நெட்வொர்க்கை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரு ஃபைபர் லைன், கம்பெனிக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டி (ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுவது, இங்கே ரவுட்டரும் அதுதான்), கேபிள்களை ஒன்றுசேர்க்கும் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றோ இரண்டோ, ஒன்பது பத்து கணினி, ஒரு நெட்வொர்க் பிரிண்டர், கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின், கேமராப் படங்களைப் பதிந்து வைக்க ஒரு டிவிஆர். யாரும் கணக்கில் சேர்க்காதது, ஆளுக்கொன்றாக வைஃபையில் ஏறியிருக்கும் போன்கள்.

முதலில் கேட்க வேண்டியது: ஒருத்தருக்கு மட்டுமா, பாதிப் பேருக்கா, எல்லாருக்குமா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எல்லாருக்கும் இல்லை, ஆனால் ஆபீஸ் சர்வரில் இருக்கும் கணக்கு மென்பொருளான டேலி ஓடுகிறது, பிரிண்ட்டும் போகிறது என்றால் உள்ளே சுவிட்சும் கேபிளும் நன்றாக இருக்கின்றன; ஓஎன்டியையும் லைனையும் பாருங்கள். ஒருத்தருக்கு மட்டும் என்றால் அந்த மேஜையோடு நின்றுவிடலாம். பாதிப் பேருக்கு என்றால்தான் விவகாரம். சின்ன ஆபீஸ்களில் ஆளைச் சுற்றவிடும் கோளாறு அதுதான் என்பதால் அதைப் பிறகு நிதானமாகப் பார்ப்போம்.

நெட் வராத கணினியில் சிஎம்டி (விண்டோஸில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) திறந்து ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ அடியுங்கள். வரும் நீளமான பட்டியலில் நான்கு வரி போதும்: ஐபிவி4 முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎச்சிபி சர்வர் (முகவரி கொடுப்பவர்), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்பவர்). நன்றாக ஓடும் பக்கத்து மேஜைக் கணினியிலும் இதையே அடித்து இரண்டையும் போனில் படம் பிடித்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அடுத்து மூன்று பிங், அதாவது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது, உள்ளிருந்து வெளியே. முதலில் கேட்வேக்கு, அதாவது 192.168.1.1 மாதிரி இருக்கும் ரவுட்டரின் முகவரிக்கு. கம்பி வழியாக இருந்தால் 1 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். இரண்டாவது 8.8.8.8, வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் சர்வர். மூன்றாவது ஏதாவது ஒரு தளத்தின் பெயர். கேட்வே பதில் தரவில்லை என்றால் கோளாறு ஆபீஸுக்குள். கேட்வே தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் ரவுட்டருக்கு அந்தப் பக்கம். 8.8.8.8 வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ். 127.0.0.1-க்கு பிங் அடித்துப் பார்க்கச் சொல்லும் பழக்கம் ஒன்று பாடப் புத்தகங்களில் உண்டு. அது கணினி தன்னையே கேட்டுக்கொள்வது, கேபிளே இல்லாவிட்டாலும் பதில் வரும். விட்டுவிடுங்கள்.

டிஎன்எஸ் என்று தெரிந்தால் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் முகவரிகள் இரண்டையும் போட்டுவிட்டு, கணினியில் ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’, ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ இரண்டும் அடித்தால் தீர்ந்தது.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அது ரவுட்டர் கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்டது. கேபிள் சரியாக உட்காரவில்லை, சுவிட்ச் போர்ட் செத்துவிட்டது, இல்லையென்றால் ரவுட்டரிடம் கொடுக்க முகவரி மிச்சமில்லை. கடைசிக் காரணம் பலருக்குத் தோன்றவே தோன்றாது. டிஎச்சிபி எல்லை, அதாவது ரவுட்டர் கொடுக்கக்கூடிய முகவரிகள், 192.168.1.100 முதல் 149 வரை என்றால் மொத்தம் 50 முகவரி. லீஸ் நேரம், அதாவது ஒரு முகவரியை ஒருவர் பேரில் வைத்திருக்கும் காலம், 24 மணி என்றால் காலையில் வந்து வைஃபையில் ஏறிய கூரியர்க்காரரின் போன் போன பிறகும் அந்த முகவரி மறுநாள் வரை அதன் பேரிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குப் போலி மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) காட்டுவதால், நெட்வொர்க்கை மறந்துவிட்டு மறுபடி ஏறும் போன் சில சமயம் இரண்டு முகவரி பிடித்து வைத்திருப்பதும் உண்டு. எல்லையை 100 முதல் 239 வரை விரித்து, லீஸை 4 மணி நேரமாகக் குறைத்தால் இந்தப் பேச்சே எழாது.

இப்போது பாதிப் பேர் விவகாரம்.

உள் அறையில் வைஃபை எடுக்கவில்லை என்று யாராவது பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, மேஜைக்கடியில் தொங்கும் லேன் கேபிளைப் பிடுங்கி அதில் சொருகியிருப்பார்கள். சொருகியது உள்ளே இருக்கும் கணினிகளுக்கான மஞ்சள் லேன் போர்ட்டுகளில் ஒன்றில். வைஃபை புள்ளி காட்டும், வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு டிஎச்சிபி சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி ஆபீஸில் முகவரி கொடுப்பவர் இரண்டு பேர். கணினி ஆன் ஆனதும் “எனக்கு ஒரு முகவரி வேண்டும்” என்று எல்லாரையும் பார்த்துக் கூவும். எந்தப் பதில் முதலில் வந்ததோ, பொதுவாக அதைப் பிடித்துக்கொள்ளும். ஓஎன்டி முந்தினால் நெட் வரும். பழைய ரவுட்டர் முந்தினால் கேட்வே 192.168.0.1 என்று வரும். அந்தப் பெட்டிக்கு வெளியே போக வழியே இல்லை, வெளி லைன் வந்து சேர வேண்டிய அதன் வேன் போர்ட் காலி. கணினியில் “கனெக்டட், நோ இன்டர்நெட்” என்று நிற்கும்.

இது ஏன் நாள்கணக்கில் பிடிபடாது என்றால், ஏற்கெனவே நல்ல முகவரி வாங்கிய கணினி லீஸ் பாதி கடந்ததும் தனக்குக் கொடுத்தவரிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அது ஆன்லேயே இருக்கும் வரை பிரச்சினை இல்லை. இரவு ஆஃப் செய்து, லீஸ் முடிந்து, காலையில் மறுபடி கூவும்போதுதான் சீட்டுக் குலுக்கல். அதனால்தான் நேற்று ஒருத்தருக்கு, இன்று இன்னொருத்தருக்கு. பாதிக்கப்பட்டவர் ரீஸ்டார்ட் பண்ணினால் சில நேரம் சரியாகிவிடும், பழி விண்டோஸ் மேல் விழும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கெட்ட கணினியில் ‘டிஎச்சிபி சர்வர்’ என்ற வரியில் 192.168.0.1 என்றும் நல்ல கணினியில் 192.168.1.1 என்றும் இருந்தால் ஆள் அகப்பட்டான். எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதற்கு, கெட்ட கணினியிலேயே ‘பிங் -டி 192.168.0.1’ அடித்து ஓடவிடுங்கள். ஒருவர் திரையைப் பார்க்கட்டும், இன்னொருவர் சுவிட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி ஐந்து எண்ணி மறுபடி சொருகட்டும். எந்தக் கேபிளைப் பிடுங்கும்போது “ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்” என்று மாறுகிறதோ அதன் மறுமுனையில் அந்தப் பெட்டி. கெட்ட கணினியின் சொந்தக் கேபிளைப் பிடுங்கினாலும் பதில் நின்றுபோகும் என்பதால் அதை முதலிலேயே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஏஆர்பி -ஏ’ அடித்தால் அந்த முகவரிக்கு எதிரே மேக் எண் வரும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதும் அதுவும் ஒத்திருக்கும், அல்லது கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கும்.

இரண்டு பெட்டிக்கும் முகவரி 192.168.1.1 ஆகவே இருந்துவிட்டால் இன்னும் கொடுமை. கேட்வே எல்லாருக்கும் சரியாகவே தெரியும், நெட் மட்டும் பத்து நிமிடம் வரும், பத்து நிமிடம் வராது. நெட் வரும்போது ஒரு முறை, வராதபோது ஒரு முறை ‘ஏஆர்பி -ஏ’ அடித்து 192.168.1.1-க்கு எதிரே உள்ள மேக் எண்ணை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் ஒரே பெயரில் இரண்டு பேர்.

அந்த ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதையே வைஃபைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஒரு லேப்டாப்பை மட்டும் கேபிளில் இணைத்து அதன் பக்கத்தைத் திறங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாத பழைய பெட்டி என்றால் முதலில் அதன் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அந்தப் புது முகவரியில் மறுபடி உள்ளே போய் அதன் பிறகு டிஎச்சிபியை நிறுத்துங்கள். வரிசை முக்கியம். டிஎச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, பக்கம் திறக்காது, கையால் முகவரி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு சுவிட்சிலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டிலேயே சொருகி, வேன் போர்ட்டைக் காலியாக விடுங்கள். அதில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது. காலியாக இருக்கும் ஓட்டையைக் கண்டால் எதையாவது சொருகத் தோன்றும்.

கெட்ட முகவரி 192.168.137 என்று தொடங்கினால் ரவுட்டரைத் தேடாதீர்கள், ஒரு கணினியைத் தேடுங்கள். விண்டோஸில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் போட்டால் அந்தக் கணினி 192.168.137.1 ஆகி, முகவரியும் கொடுக்க ஆரம்பிக்கும். லைன் விழுந்த ஒரு நாளில் யாரோ போனை யுஎஸ்பியில் சொருகி எல்லாருக்கும் நெட் பகிர்ந்திருப்பார்கள், எடுக்க மறந்திருப்பார்கள். ‘என்சிபிஏ.சிபிஎல்’ (விண்டோஸின் நெட்வொர்க் இணைப்புகளின் பட்டியல்) திறந்து, நெட் பகிர்ந்த அடாப்டரின் ப்ராப்பர்டீஸில் ஷேரிங் தாவலில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிரிண்டர், டிவிஆர், அட்டெண்டன்ஸ் மெஷின் மூன்றுக்கும் நிலையான முகவரி வேண்டும். அதை டிஎச்சிபி எல்லைக்குள் போடக் கூடாது. 105 என்று பிரிண்டருக்குப் போட்டுவிட்டு, 100 முதல் 239 வரை ரவுட்டர் கொடுக்கும் என்று விட்டால் ஒருநாள் அதே 105 யாருடைய போனுக்காவது போகும், அன்றைக்குப் பிரிண்ட் வராது. 2 முதல் 49 வரை நிலையானவை என்று ஒதுக்கிவிடுங்கள்.

மொத்த ஆபீஸும் ஒரே நொடியில் ஸ்தம்பித்து, டேலியும் நின்று, பிரிண்டரும் நின்றால் சுவிட்சின் முகத்தைப் பாருங்கள். சாதாரணமாக விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மினுக்கும். எல்லாம் ஒரே தாளத்தில், வெறிபிடித்த மாதிரி சேர்ந்து மினுக்கினால் லூப். ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் இருக்கிறது, அல்லது இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் ஓடுகிறது. பெருக்கித் துடைத்த மறுநாள் இது வரும்: தரையில் கிடந்த முனையை நல்லெண்ணத்தில் யாரோ காலி போர்ட்டில் சொருகியிருப்பார்கள். ஒருமுறை உள்ளே போன பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் அனுப்பும் செய்தி) சுற்றிச் சுற்றிப் பெருகி வழியையே அடைத்துவிடும். விலை உயர்ந்த சுவிட்ச் இதைத் தானே கண்டுபிடித்துத் துண்டிக்கும். ஆயிரம் சொச்ச ரூபாய் எட்டு போர்ட் பெட்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் விளக்குகள் சாந்தமாகின்றனவோ அதுதான்.

ஒரு மேஜையில் மட்டும் நெட் மெதுவாக இருந்தால் ‘என்சிபிஏ.சிபிஎல்’ போய் ஈதர்நெட் ஸ்டேட்டஸில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கிகாபிட் கருவி இருந்தும் 100 எம்பிபிஎஸ் என்று காட்டினால் கேபிளில் ஒரு கம்பியாவது போயிருக்கிறது. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கே போதும், அதனால் கருவிகள் சத்தமில்லாமல் அதற்கு இறங்கிவிடும். முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யும்போது வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3-லும் 6-லும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். சிலர் ஜோடி ஜோடியாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதையே செய்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், கேபிள் நன்று என்று தோன்றும். ஆனால் 3-ம் 6-ம் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாக இல்லாததால் பக்கத்துக் கம்பியின் சிக்னல் ஏறும். இரண்டு மீட்டரில் ஓடும், முப்பது மீட்டரில் திணறும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். வாங்கும்போது செம்புப் பூச்சு மட்டும் போட்ட அலுமினியக் கம்பியா என்றும் பாருங்கள். பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரிந்தால் அதுதான். அது நாலு முறை வளைத்தால் உள்ளுக்குள் ஒடிந்துவிடும்.

எல்லாருக்கும் மெதுவாக, அதுவும் மதியம் மட்டும் என்றால் ஒரு கணினியில் கேட்வேக்கும் இன்னொரு சிஎம்டியில் 8.8.8.8-க்கும் ‘பிங் -டி’ ஓடவிடுங்கள். கேட்வே 1 மில்லிசெகண்டில் அசையாமல் நிற்க, வெளிப்பக்கம் மட்டும் 15-லிருந்து 400, 600 என்று தாவினால் லைன் நிரம்பி வழிகிறது. பெரும்பாலும் அப்லோடு பக்கம். டிவிஆர் கேமராப் படத்தை ஆன்லைனுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு கணினி ஜிபி கணக்கில் பேக்அப் அனுப்பிக்கொண்டிருக்கும். அப்லோடு அடைந்தால் டவுன்லோடும் தவிக்கும், ஏனென்றால் வாங்கியதற்கான ரசீதும் அதே வழியில்தான் போக வேண்டும். ரவுட்டரின் க்யூஓஎஸ் (வேகத்தைப் பங்கிடும்) பக்கத்தில் மொத்த அப்லோடை நிஜ வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாகக் கட்டிப்போடுங்கள். கூடுதல் எம்பிபிஎஸ் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் அதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது வேறு கதை. தேடல் பக்கம் வரும். வரித் தாக்கல் தளமோ வங்கித் தளமோ பாதியில் நிற்கும். பயனர்பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஇ லைன்களில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் அதற்கே போய்விடும், 1500-க்குப் பதில் 1492 தான் மிச்சம். ‘பிங் -எஃப் -எல் 1464 1.1.1.1’ அடியுங்கள். 1464-ஓடு தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1492. பதில் வந்தால் வழி சரி, ரவுட்டரின் வேன் பக்கத்தில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, எதில் பதில் வருகிறதோ அதோடு 28 கூட்டி அந்த எண்ணைப் போடுங்கள்.

ஒரே கணினியில், எந்தத் தளம் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் கடிகாரம். தேதி பல வருடம் பின்னே போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. பிங் எல்லாம் வருகிறது, பிரவுசர் மட்டும் வரவில்லை என்றால் ப்ராக்ஸி (பிரவுசரை இன்னொரு கணினி வழியாக அனுப்பும்) அமைப்பில் ஏதோ முகவரி உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிட்டு வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள்.

ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் உங்கள் வேலை இல்லை, ஒளியே வரவில்லை. புகார் கொடுக்கும் முன் மஞ்சள் ஃபைபர் பேட்ச் கார்டு பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிவப்பு எரியாமல் அடிக்கடி துண்டித்தால் ஓஎன்டியின் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) எவ்வளவு என்று பாருங்கள். -27 டிபிஎம் வரைதான் அந்தப் பெட்டிகள் தாங்கும். -26-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். “நெட் ஸ்லோ” என்றால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள். எண்ணைச் சொன்னால் லைன் பார்க்க ஆள் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

எதுவும் கைகூடாமல், பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் ஊசியை வைத்துப் பத்து நொடி அழுத்தலாம் என்று தோன்றும்போது கையை எடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் செய்தால் பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண், போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் போய்விடும். சனிக்கிழமை மாலை செய்தால் திங்கட்கிழமை வரை ஆபீஸுக்கு நெட் இல்லை. நெட் நன்றாக ஓடும் ஒரு நாளில் வேன், லேன், டிஎச்சிபி, வைஃபை என்ற நான்கு பக்கங்களையும் போனில் படம் எடுத்து, பயனர்பெயரையும் எந்தப் போர்ட் எந்த மேஜைக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி சுவிட்ச் வைத்திருக்கும் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுதாமல், கவரில் போட்டு முதலாளி மேஜை டிராயரில் வையுங்கள்.